பெரிய வெள்ளிச் சுத்தியல்

கோபம் வந்தால் என் வாயில் ‘நீர்’ போய் ‘நீ’ வந்துவிடும். முப்பத்தொரு வருஷம் உப தபால் கந்தோரில் இருந்து, வராத மணியோடருக்கு என்னைத் திட்டியவர்களைக்கூட ‘நீர்’ என்றே சமாளித்தவள் நான். ஓய்வு பெற்ற அன்று அந்தப் பொறுமையையும் முத்திரைகளோடு சேர்த்து ஒப்படைத்துவிட்டேன் போலிருக்கிறது. இல்லாவிட்டால், அந்த வியாழக்கிழமை பின்னேரம் அல்லைப்பிட்டியில் அன்ரனிதாசின் வீட்டுப் படலையைப் பிடித்துக்கொண்டு, “டேய், நீ வெளியிலை வா!” என்று ஊர் கேட்கக் கத்தியிருப்பேனா?

அன்ரனிதாஸ் மெக்கானிக். வீட்டு வளவுக்குள்ளேயே தகரக் கொட்டகை போட்டு கராஜ் வைத்திருக்கிறான். எங்கள் கார், ஒரு பழைய நிசான் சனி, அந்தக் கொட்டகைக்குள் முன் இடது சில்லு இல்லாமல் ஜக்கில் உயர்த்தியபடி நின்றது. பக்கத்தில் ஒரு மனிதரும் இல்லை. அவனுடைய போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அடுத்த நாள் காலை எனக்கு அந்தக் கார் வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும்தான். அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஏன் வேறு வாகனம் பிடிக்கக் கூடாது என்று நீங்கள் கேட்பீர்கள். கனடாவில் இருக்கிற மகன் வசீகரனும் அதைத்தான் கேட்டான். “அம்மா, ஒரு வானைப் பிடியுங்கோவன். நாலு பேர் சேர்ந்து அப்பாவைத் தூக்கி ஏத்தினால் முடிஞ்சுது.” அவனுக்கென்ன, அங்கிருந்து சொல்லிவிடுவான். அவனுடைய அப்பாவைத் தூக்கக் கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம்.

இவர் பெயர் குலசிங்கம். பதினாலு வருஷத்துக்கு முதல் தண்ணீர்த் தாங்கி பூட்ட ஏணியில் ஏறி, ஏணி சறுக்கி விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் ஆள் மாறி ஆள் தூக்கிப் புரட்டியபோது வாயே திறக்காமல் கிடந்த மனிதர், புளியங்கூடலில் வீட்டுக்கு வந்த அன்று ஒன்றே ஒன்று சொன்னார். “சறோ, இனி என்னை ஒருத்தரும் மூட்டை தூக்கிறமாதிரித் தூக்கக் கூடாது. நீரும்தான்.” சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கடதாசியில் படம் கீறி, வேலணையில் வெல்டிங் செய்கிற ஒருவரிடம் கொடுத்து, காரின் முன் இடது கதிரையை வெளிப்பக்கம் திரும்பி நீளும்படி செய்வித்தார். சக்கர நாற்காலியிலிருந்து கைப்பலத்தால் அதில் மாறுவார். கதிரையைத் திருப்பி உள்ளே போவார். கதவைத் தானே சாத்திக்கொண்டு எனக்குச் சொல்லுவார், “ம், எடும்.” கார் ஓடுவது நான். அப்படி ஒரு கதிரை வேறு எந்த வாகனத்தில் இருக்கிறது?

அந்த வெள்ளிக்கிழமை இவர் போகவேண்டிய இடம் புங்குடுதீவு. அவர் பிறந்த வளவுக்குப் பக்கத்து அம்மன் கோவிலில் எண்ணெய்க்காப்பு. கும்பாபிஷேகத்துக்கு முதல் ஒரே ஒரு நாள், ஐயர்மார் மட்டும் போகிற மூலஸ்தானத்துக்குள் ஆரும் போகலாம், அம்மாளாச்சியைத் தன் கையால் தொட்டு எண்ணெய் சாத்தலாம். பன்னிரண்டு, பதினைந்து வருஷத்துக்கு ஒருக்கால் வருகிற நாள் அது. இவருக்கு அந்த நாள் கிடைத்ததே இல்லை. ஏழு வயதில் அம்மை, எங்கள் பேச்சில் அம்மாள் வருத்தம், வந்து, அம்மாளிடமே போக விடாமல் அறைக்குள் வைத்துப் பூட்டினார்களாம். இருபத்துமூன்றில் வவுனியாவில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு சண்டை. தீவில் சனமே இல்லை, கோவிலில் கூரையே இல்லை. கடைசியாகக் கும்பாபிஷேகம் வந்த கிழமைதான் ஏணியிலிருந்து விழுந்தார். இப்போது அறுபத்தொன்பது வயது. இன்னொரு தடவைக்கு எண்பதைத் தாண்டவேண்டும்.

மாசி மாதத்திலிருந்து ஒவ்வொரு காலையும் இவர் விறாந்தையில் நாற்காலியிலிருந்து நிலத்தில் இறங்குவார். இரண்டு கையையும் ஊன்றி உடம்பை இழுத்து இழுத்துக் குசினி வாசல்வரை போய்த் திரும்பி வருவார். மூலஸ்தானத்துக்குள் சக்கர நாற்காலி போகாது அல்லவா. உள்ளங்கைத் தோல் உரிந்து போனது. நான் ஒன்றும் சொல்லுவதில்லை. குசினிக்குள் நின்று, பார்க்காததுபோல வெங்காயம் உரிப்பேன்.

இப்படி இருக்கும்போது கார் இரையத் தொடங்கியது. வருஷப்பிறப்பு முடிந்த கையோடு, செவ்வாய்க்கிழமை என்றும் பார்க்காமல், அதை அல்லைப்பிட்டிக்குக் கொண்டுபோனேன். அன்ரனிதாஸ் சில்லை ஆட்டிப் பார்த்துவிட்டு, “பெயரிங் பழுதாப் போட்டுது அக்கா. இதோடை ஓடாதேங்கோ, ஆபத்து” என்றான். வெள்ளி காலமை எனக்கு வேணும் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். “பெரிய கிழமை அக்கா. எண்டாலும் முதலே முடிக்கப் பாக்கிறன்.”

நான் அதை என்னவென்று விளங்கினேன் தெரியுமோ? வேலை கூடின வாரம் என்று. “எல்லாருக்கும் பெரிய கிழமைதான் தம்பி, வருஷப்பிறப்பல்லோ” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வேதக்காரருக்குப் பெரிய வெள்ளி இருப்பது எனக்குத் தெரியும். கந்தோருக்கு லீவு விடுகிற நாளல்லவா. அதற்கு முன்னும் பின்னும் ஒரு கிழமையே இருக்கிறது, அதற்குப் பெயர் பெரிய கிழமை என்று, அறுபத்திரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் நான் அறிந்திருக்கவில்லை. அந்த வெட்கத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

படலையில் நின்று நான் கத்தியதும் முதலில் வந்தது அவன் மனைவி நிலக்சனா. பின்னால் அவன் வந்தான். வெள்ளைச் சேட்டு, படிய வாரிய தலை. ஒரு கால் சுத்தமாக இருந்தது. மற்றக் கால் முழங்கால்வரை சவர்க்கார நுரை.

“என்னடா இது? காரைப் பிரிச்சுப் போட்டிட்டுக் கால் கழுவிக்கொண்டிருக்கிறாய்!”

“இண்டைக்குப் பூசையிலை பாதர் பன்ரண்டு பேருக்குக் கால் கழுவுறவர் அக்கா. என்னையும் எடுத்திருக்கினம்” என்றான் மெதுவாக. “கிறீஸ் போகுதில்லை.”

வேறொரு நாளென்றால் சிரித்திருப்பேன். “என்ரை கார் எங்கை?”

“பெயரிங் ரவுணிலை இருந்து இண்டைக்குக் காலமைதான் வந்தது. பழசு இறுகிப்போய்க் கிடந்தது. அதைக் கழட்டவே மத்தியானம் ஆச்சு. புதுசு இன்னும் இறக்கேல்லை. ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு முதல் வேலை உங்கடைதான்.”

“ஞாயிறோ? நாளைக்கு விடியத் தா!”

“ஏலாது அக்கா.”

“ஏன் ஏலாது? உனக்குக் கையில்லையோ?”

“கை இருக்கு. சுத்தியல் தொடமாட்டன்.” அவன் குரலை உயர்த்தவே இல்லை. “பெயரிங்கை அடிச்சுத்தான் இறக்கவேணும். பெரிய வியாழன் மத்தியானம் சுத்தியலைக் கீழை வைச்சால், உயிர்ப்பு ஞாயிறுப் பூசை முடிஞ்சுதான் எங்கடை வீட்டிலை திரும்பத் தொடுறது. ஆண்டவருக்கு ஆணி அடிச்ச நாள் அக்கா. என்னைப் பெத்த ஐயா யாகப்பு வள்ளம் கட்டினவர், அவரும் தொடேல்லை. அவரின்ரை ஐயாவும் தொடேல்லை.”

எனக்கு மண்டை கொதித்தது. “இது நல்ல கதையாயிருக்கு! அப்ப நான் வேறை மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

“ஆரைக் கூட்டுவியள்? இந்தப் பக்கத்திலை ஆக்கள் எல்லாம் எங்கடை ஆக்கள். உங்கடை ஆக்கள் வருஷப்பிறப்புக்குப் பூட்டினவை, திங்கள்தான் திறப்பினம்.”

“காரைப் பிணை பிடிச்சு வைச்சுக்கொண்டு எனக்கு நியாயம் கதைக்கிறாய்! நான் பொலிசுக்குப் போவன்!”

“போங்கோ அக்கா. பொலிசு வந்தாலும் சில்லு தானாப் பூட்டுப்படாது” என்றான். பகிடிக்குச் சொல்லவில்லை, பாவம், உள்ளதைச் சொன்னான். எனக்கு அதுதான் இன்னும் எரிந்தது. பொலிசு தூரம், கோவில் கிட்ட. அவர்களுடைய கோவிலைத்தான் சொல்லுகிறேன். விறுவிறென்று அங்கே நடந்தேன். ஒரு காலில் நுரையோடு அவன் பின்னால் ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் துவாயோடு நிலக்சனா.

கிறிஸ்தோப்பர் பாதர் வாசலில் நின்று, கால் கழுவுகிற பேசினுக்குத் தண்ணீர் நிறைத்துக்கொண்டிருந்தார். எங்கள் மூன்று பேரையும் கண்டதும் வாளியை வைத்துவிட்டார். நான் மூச்சுவிடாமல் முறைப்பாட்டைச் சொல்லி முடித்தேன். கடைசியில் கேட்டேன், “சுத்தியல் தொடக்கூடாதெண்டு உங்கடை வேதத்திலை இருக்குதோ பாதர்? உள்ளதைச் சொல்லுங்கோ.”

“அப்படி ஒரு சட்டமும் இல்லை அம்மா” என்றார் பாதர்.

“கேட்டியோ?” என்று திரும்பினேன்.

“எனக்குத் தெரியும் பாதர்” என்றான் அன்ரனிதாஸ். “சபைச் சட்டம் இல்லை. எங்கடை வீட்டுச் சட்டம்.”

அந்தச் சொல் என்னை அடித்துப்போட்டது. அவன் அதைத் தலை குனிந்து சொன்ன விதமும் அப்படி. எங்கள் வீட்டிலும் ஒரு சட்டம் இருக்கிறதே, எந்த வேதத்திலும் இல்லாதது. அதற்காகத்தானே நான் இங்கே நின்று சாமியாடுகிறேன்.

பாதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்குக் கார் ஏன் வேணும் எண்டு இவனுக்குச் சொன்னனீங்களோ அம்மா?”

நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை, இப்போது இவ்வளவு கத்தியும் சொல்லவில்லை. வெள்ளி காலமை வேணும் என்றேனே தவிர, எதற்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவருடைய காலைப் பற்றிப் பிறத்தியாரிடம் சொல்லி இரக்கம் வாங்குவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அங்கே, அந்தப் பேசினுக்குப் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாள் வருத்தத்தையும் சொன்னேன், விறாந்தையில் இழுபடுவதையும் சொன்னேன். என் பாழாய்ப்போன வாய் இடையில் அழத் தொடங்கிவிட்டது.

அன்ரனிதாசின் காலில் நுரை காய்ந்துபோயிருந்தது. “இதை ஏன் அக்கா முதலே சொல்லேல்லை?” என்றான். “தெரிஞ்சிருந்தால் நான் செவ்வாய்க்கிழமையே ரவுணுக்கு ஓடியிருப்பனே.” குனிந்து அந்தக் காய்ந்த நுரையைத் தட்டிவிட்டான். “எண்டாலும் நான் தொடேலாது அக்கா. என்னைக் கோவியாதேங்கோ.”

“கோவிக்கேல்லைத் தம்பி” என்றேன். உண்மையாகவே கோபம் போயிருந்தது. பயம்தான் மிச்சம் இருந்தது. வீட்டுக்குப் போய் இவருடைய முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்லப்போகிறேன்?

அப்போதுதான் நிலக்சனா வாயைத் திறந்தாள். “இவர் தொடமாட்டார். நானும் தொடமாட்டன். பாதரும் இண்டைக்குத் தொடுறது சரியில்லை. அக்கா சைவ சமயம்தானே?” என்று என் கையைப் பார்த்தாள். “அக்காவுக்குக் கையிருக்குத்தானே?”

பாதருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. அன்ரனிதாஸ் மனைவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “நான் சொல்லித் தரலாம்” என்றான் இழுத்து இழுத்து. “சொல்லுறதிலை பிழையில்லை. என்ன பாதர்?”

“எனக்கு ஒண்டும் தெரியாது” என்று சொல்லிவிட்டுப் பாதர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று வீட்டுக்குப் போனபோது இவர் முகச்சவரம் செய்து, வேட்டி மடித்து வைத்து, போத்தலில் நல்லெண்ணெய் விட்டு மூடி இறுக்கிக்கொண்டிருந்தார். “கார்?” என்றார். “நாளைக்கு வரும்” என்றேன். என் முகத்தில் எதையோ கண்டிருக்கவேண்டும். போத்தல் மூடியை இன்னொருக்கால் இறுக்கினார்.

விடிய ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு நிசாந்தனின் ஓட்டோவில் போய் இறங்கினேன். நான் கோவிலுக்காக விரதம். அன்ரனிதாசும் நிலக்சனாவும் ஒருசந்தி. மூன்று பட்டினி வயிறும் காருக்கு முன்னால் கூடினோம். நேற்றுப் பாதர் கழுவிய காலில் அவன் செருப்புப் போடாமல் நின்றான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தாடையால் காட்டினான். “அந்தப் பலகைக்கு மேலை கிடக்கிறதை எடுங்கோ.”

இரண்டு றாத்தல் சுத்தியல். கறுத்த பிடி. தபால் முத்திரை குத்திய கைக்கு அது தூக்கவே பாரமாயிருந்தது.

“புதுப் பெயரிங்கை அந்த ஓட்டையிலை நேரா வையுங்கோ. பழசின்ரை வளையம் கிடக்கு, அதை மேலை வைச்சு அதிலைதான் அடிக்கிறது. புதுசிலை அடி விழுந்தால் துலைஞ்சுது. வேறை இல்லை.”

“வளையத்தை நீர் பிடியுமன். நான் அடிக்கிறன்.”

“பிடிக்கமாட்டன் அக்கா. ஆணியைப் பிடிச்சவனும் அடிச்சவனும் ஒண்டுதான்.”

சரி என்று ஒரு கையால் வளையத்தைப் பிடித்து, மற்றக் கையால் ஓங்கினேன். முதல் அடி என் பெருவிரலில். “அம்மாளாச்சி!” என்று நான் கத்த, “யேசுவே!” என்று அவன் கத்தினான். வலி எனக்கென்றாலும் முகம் சுருங்கியது அவனுக்குத்தான். தன் வேலையை இன்னொருத்தி இப்படிச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது அவனுக்குப் பட்டினியிலும் பெரிய தபசாக இருந்திருக்கவேண்டும். “சரிச்சு அடிக்காதேங்கோ அக்கா! ஐயோ, ஒரு பக்கம் மட்டும் அடிச்சால் கோணிப் போகும். சுத்திச் சுத்தி அடியுங்கோ. மேலை ஒண்டு, கீழை ஒண்டு. மெல்ல. மெல்ல எண்டால் பூவாலை அடிக்கிறதில்லை அக்கா!”

“வாயை மூடிக்கொண்டு நில்லும் காணும்!”

“வாயை மூடினால் ஆர் சொல்லித் தாறது?”

நிலக்சனா சீலைத் துணியைத் தண்ணீரில் நனைத்து என் விரலில் சுற்றிவிட்டாள். திரும்ப அடித்தேன். மயிரளவு இறங்கியது. இன்னும் அடித்தேன். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி உடைந்தது. முக்கால்வாசி இறங்கியிருக்கும்போது வெளியே ஒழுங்கைத் தெருப் பக்கம் பாட்டுச் சத்தம் கேட்டது. சிலுவைப்பாதை. சனம் சிலுவை ஒன்றைச் சுமந்துகொண்டு, தலத்துக்குத் தலம் முழங்காலில் நின்று செபம் சொல்லி வந்துகொண்டிருந்தது. ஓங்கிய சுத்தியல் ஓங்கியபடியே நின்றுவிட்டது. எப்படி அடிப்பேன்? அந்தச் சத்தம் அவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று எனக்கே தெரிந்தது. அன்ரனிதாஸ் கிறீசும் மண்ணுமாகக் கிடந்த நிலத்தில், வெள்ளைச் சேட்டோடு முழங்காலில் விழுந்தான். வேறு வருஷங்களில் அவனும் அந்தச் சனத்துக்குள் நடந்திருப்பான். இந்த வருஷம் எனக்காகத் தகரக் கொட்டகைக்குள் நின்றான். நான் சுத்தியலைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, அவர்கள் கடந்து போகுமட்டும் அசையாமல் நின்றேன்.

பாட்டு ஓய்ந்ததும் எழும்பினான். முழங்காலைத் தட்டவில்லை. “இப்ப அடியுங்கோ அக்கா. கவனமாய்க் கேளுங்கோ. போய் இருந்திட்டுதெண்டால் சத்தம் மாறும்.”

நான் நம்பவில்லை. ஆனால் மாறியது. இவ்வளவு நேரமும் பொத்துப் பொத்தென்று கேட்டது, ஒரு அடியில் ‘ணங்’ என்றது. அன்ரனிதாஸ் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். “இருந்திட்டுது! விடுங்கோ! போதும், காணும், இனித் தொடாதேங்கோ!”

சுத்தியலை வாங்கக்கூட அவன் கை நீட்டவில்லை. நானே பலகையில் வைத்தேன். பிறகு அவன் குனிந்து மற்ற வேலையைத் தொடங்கினான்.

“ஸ்பனர் பிடிக்கலாமோ?” என்று கேட்டேன்.

“ஸ்பனருக்கு ஒரு பாவமும் இல்லை அக்கா” என்றான்.

ஒன்பதரைக்குச் சில்லுப் பூட்டி, தானே தெருவில் ஓட்டிப் பார்த்து, திரும்பக் கொண்டுவந்து திறப்பை என் கையில் வைத்தான். நான் கைப்பையைத் திறக்க, “இண்டைக்கு அதைக் கதையாதேங்கோ” என்று விலகிப் போய்விட்டான். அவனுக்கு என்ன சொல்லுவது? ஒரு நாளும் சொல்லாத ஒரு சொல் வந்தது. “நீங்கள் நல்லாயிருக்கவேணும்” என்றேன். என் மகனிலும் இளைய ஒருவனை நான் ‘நீங்கள்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவனுக்கே கூச்சமாய்ப் போய்விட்டது. “போட்டு வாங்கோ அக்கா, நேரம் போகுது” என்று படலையைத் திறந்துவிட்டான்.

புளியங்கூடலில் இவரும் கதிரையில் ஏறிக்கொள்ள, வேலணை கடந்து, புங்குடுதீவுப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடலாகப் போகும்போது இவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நான் ‘டேய்’ என்று கத்தியதைக்கூட மறைக்கவில்லை. இவர் என் பெருவிரலைப் பார்த்தார், ஸ்ரியறிங்கைப் பிடிக்க ஏலாமல் பிடித்திருந்த உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கோவிலில் சனம் நிறைந்திருந்தது. இவர் கதிரையைத் திருப்பி, நாற்காலிக்கு மாறி, வசந்தமண்டபம்வரை வந்தார். அங்கே நிலத்தில் இறங்கினார். மூன்று பொடியள் ஓடிவந்தார்கள். “ஐயா, நாங்கள் தூக்கி விடுறம்.” இவர் சிரித்தார். “வேண்டாம் தம்பியவை. நான் போவன்.” சனம் விலகி வழிவிட்டது. கையை ஊன்றி, உடம்பை இழுத்து, ஊன்றி, இழுத்து, மாசியிலிருந்து பழகிய அதே விதமாகப் போனார். எண்ணெய்ப் போத்தலோடு நான் பின்னால் போனேன். அர்த்தமண்டபம் தாண்டினார். மூலஸ்தானப் படியையும் ஏறிவிட்டார்.

உள்ளேதான் வந்தது வினை. காலையிலிருந்து நூற்றுக்கணக்கான சனம் சாத்திய எண்ணெய் நிலமெல்லாம் வழிந்து கிடந்தது. இவர் ஊன்றிய கை வழுக்கியது. திரும்ப ஊன்றினார், திரும்ப வழுக்கியது. முகம் கவிழ்ந்து நாடி நிலத்தில் அடிபட்டது. எங்கள் விறாந்தையில் எண்ணெய் இல்லையே, இதை நாங்கள் யோசிக்கவே இல்லையே! அம்மாளாச்சிக்கும் இவருக்கும் நடுவில் இரண்டே முழம். அறுபத்திரண்டு வருஷம் காத்திருந்து வந்தது அந்த இரண்டு முழத்தில் நின்றது. பின்னால் ஆரோ “தூக்கிவிடுங்கோவன்” என்றார்கள். நான் கை நீட்டவில்லை. நீட்டினால் இவர் உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் எண்ணெய்.

“சறோ, கையைத் தாரும்.”

பதினாலு வருஷத்தில் முதல் தடவை. கொடுத்தேன். என் உடைந்த கொப்புளத்தில் இவருடைய எண்ணெய்க் கை பட்டு எரிந்த எரிவு உயிர் போனது. நான் விடவில்லை, இவரும் விடவில்லை. நான் இழுத்தேன், இவர் உன்னினார். இரண்டு முழமும் கடந்தது.

விளக்கு வெளிச்சத்தில் அம்மாளாச்சி கன்னங்கரேலென்று பளபளத்துக்கொண்டிருந்தா. இவர் போத்தலிலிருந்து உள்ளங்கையில் எண்ணெய் விட்டு, இரண்டு பாதத்தையும் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். அழுகிறார் என்று தோளைப் பார்த்துத்தான் தெரிந்தது. நானும் சாத்தினேன். என்ன கேட்பது என்று பெரிய பட்டியலே வைத்திருந்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

பக்கத்தில் நின்ற ஐயர், “காணும், வாங்கோ, பின்னாலை ஆக்கள் நிக்கினம்” என்றார்.

“பொறுங்கோ ஐயா” என்றார் இவர். “இன்னொரு ஆளின்ரை கிடக்குது.” போத்தலைக் கவிழ்த்து மிச்சமெல்லாவற்றையும் கையில் எடுத்தார். “அவர் வரேல்லை. அவருக்காக நான் வைக்கிறன்.”

ஐயருக்கு நாள் முழுக்கச் செய்த பழக்கம். கண்ணைக்கூடத் திருப்பாமல் கேட்டார், “பேர், நட்சத்திரம்?”

இவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், “பேர் அன்ரனிதாஸ். நட்சத்திரம் தெரியாது ஐயா.”

ஐயர் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். எண்ணெயில் தோய்ந்து நிலத்தில் இருக்கிற மனிதரையும், விரலில் துணி சுற்றிய என்னையும் ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, “அன்ரனிதாஸ் நாமதேயஸ்ய” என்று தொடங்கினார்.